மூன்றாவது பங்கு

“யக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே? உன் வூட்டுக்காரர் எப்பவாச்சும் உன்கிட்ட ஆசையா பேசியிருக்காரா?”

“பேசுவாரே. நேத்துகூட, கொழம்புல உப்பு பத்தலன்னாரு.”

“ஐயே, அதைக் கேக்கல.”

“உப்பளத்துல வேலை செய்யுறவகிட்ட வந்து உப்பு பத்தலன்னு ஒரு ஆம்பள சொல்றான்னா, அது ஆசையில சொல்றதுதான்டி. இல்லன்னா அவ்ளோ தைரியம் வருமா?”

மேரிசெல்வி சிரித்துவிட்டாள். கொளஞ்சியும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு, தலையிலிருந்த சேற்றுச் சட்டியை இறக்கி வரப்பில் வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கொளஞ்சி கேட்டாள்.

“ஏன்டி மேரி, இந்தப் புக்குல வர்ற மாதிரி ஆம்பளைங்க நெசமாவே எங்கனா இருக்காங்களா?”

“புக்குல இருக்காங்க யக்கா. பதினைஞ்சு ரூபாய்க்கு அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது.”

தை மாதம் பேசிய பேச்சு அது. சுனாமி கொண்டுவந்து நிரப்பிய சேற்றை ஒரு வருஷத்துக்கு மேலாக வாரிக் கொட்டி, அந்த 2006-இல்தான் மரக்காணம் உப்பளத்தில் பாத்திகள் பழையபடி வெளுக்கத் தொடங்கியிருந்தன. போன வருஷம் விட்டதையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்று முதலாளிகளுக்கு அவசரம். அந்த அவசரம் கூடையாகப் பெண்களின் தலையில் ஏறியது. சித்திரை பிறந்த பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை நடை நடக்கிறோம் என்று எண்ணுவதைக் கொளஞ்சி விட்டுவிட்டாள். எண்ணினால் கால் அதிகமாக வலித்தது.

ஆனால் மேரிசெல்வியிடம் கேட்ட கேள்வியை அவளால் விட முடியவில்லை. சிரிப்பாகப் போய்விட்ட கேள்விதான். அது பாத்திக்கும் உப்புக் குவியலுக்கும் நடுவே அவளோடு கூடவே நடந்துகொண்டிருந்தது.

மேரிசெல்வி பன்னிரண்டாவது வரை படித்தவள். பாண்டிச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மூன்று வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டியவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது மாத நாவல் படிக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தாள். மாதத்தின் முதல் வாரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் புதுப் புத்தகம் கயிற்றில் தொங்கும். அட்டையில் ஒரு பெண் ஈரத் தலையோடு திரும்பிப் பார்ப்பாள். உள்ளே எல்லாம் குடும்பக் கதைதான். மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, கடைசியில் எல்லாரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். ஆனால் பாதிக்கு மேல் எங்கேயாவது ஓரிடத்தில் படுக்கையறைக் கதவு சாத்தப்படும். “முந்தியெல்லாம் கதவைச் சாத்துனதோட அத்தியாயம் முடிஞ்சிடும் யக்கா. இப்ப எழுதுறவங்களும் உள்ளயே நின்னுக்கிறாங்க” என்பாள் மேரிசெல்வி.

ஒரு புத்தகத்தை நாலு பேர் படிக்க வேண்டும். ஒருத்தி முடித்த பிறகு அடுத்தவள் என்று வைத்தால், நாலாவது ஆளின் கைக்குப் போவதற்குள் அடுத்த மாதப் புத்தகம் வந்துவிடும். அதனால் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். புத்தகத்தின் ஓரத்தில் அடித்திருக்கும் இரண்டு கம்பிகளையும் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்து, தாள்களை நாலு பங்காகப் பிரித்துவிடுவார்கள். ஆளுக்கொரு பங்கு. இரண்டு நாளைக்கொரு முறை கை மாற வேண்டும். ஒருத்திக்குக் கதை கல்யாணத்தில் தொடங்கும், இன்னொருத்திக்குக் கண்ணீரில் தொடங்கும். வேலைக்கு நடுவே கஞ்சி குடிக்கக் கொட்டாய்க்கு வரும்போது, விட்டுப்போனதை ஒருத்திக்கொருத்தி சொல்லிக் கதையை ஒட்டவைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சித்திரை மாதத்துக் கதையில் ஊட்டிப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவன். அவனுக்கு விருப்பமில்லாமல் கட்டிவைக்கப்பட்ட ஓர் ஏழைப் பெண். கதவு சாத்தப்படுவது மூன்றாவது பங்கில்.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்,” என்றாள் பாஞ்சாலை. நாலு பேரில் மூத்தவள். எழுத்து தெரியாது. தன் முறை வரும்போது மேரிசெல்வியை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். “அவ்ளோ பெரிய வூட்ல இவங்க ரெண்டு பேருதான் இருக்காங்களா? மாமியாக்காரி எங்க போனா?”

“காசிக்குப் போயிருக்கா பெரிம்மா. ரெண்டாவது பங்குல வருது.”

“அதானே பார்த்தேன். மாமியாள காசிக்கு அனுப்புனாதான் இதெல்லாம் நடக்கும். என் மாமியா ஒரு நாளு திண்டிவனம்கூடப் போனதில்ல. அப்பிடி இருந்தே எனக்கு ஏழு.”

கஞ்சி புரையேறிக் கொளஞ்சி தலையைத் தட்டிக்கொண்டாள். சுலோசனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேஸ்திரி பக்தவச்சலத்தின் தம்பி மனைவி. அதனால் தனக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று நினைப்பவள்.

“சிரிங்க, சிரிங்க. எவனோ ஆம்பள, பொம்பள பேர்ல எழுதுறான். ஒரு பொம்பள இப்பிடி வெக்கமில்லாம எழுதுவாளா? வயசுப் பொண்ணு இருக்கிற வூட்ல இதை வைக்க முடியுமா? போன மாசம் அரிசிப் பானையில ஒளிச்சி வச்சிருந்தேன். என் பொண்ணு ஒலைக்கு அரிசி எடுக்கப் போனா. எனக்கு உசுரே போயிடுச்சி.”

“அப்ப உனக்கு மூணாவது பங்கு வேணாம்தானே?” என்றாள் மேரிசெல்வி.

“நான் எங்கடி வேணாம்னேன்? அசிங்கம்னு சொன்னேன். அவ்ளோதான்.”

“அசிங்கமெல்லாம் இல்ல. பொய்யி. அவன் வெரல் பட்டவுடனே அவளுக்கு ஒடம்பெல்லாம் பூ பூக்குதாம். நாலு மணியிலேர்ந்து கூடை சொமந்துட்டுப் போய்ப் படுத்தா, யாரு கை பட்டாலும் அங்க வலிக்குதுன்னுதான் தெரியும். ஆனா எனக்குப் புடிக்குது. பொய்யின்னு தெரிஞ்சேதான் படிக்கிறேன். சினிமாவுல சண்ட போடுறதை நம்புறோமா? பாக்கறது இல்லியா?”

“பொய்யின்னு சொல்லாதடி,” என்றாள் பாஞ்சாலை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “உனக்கு இன்னும் கெடைக்கலன்னு சொல்லு.”

பாஞ்சாலையின் புருஷன் இறந்து ஒன்பது வருஷம்.

“கொளஞ்சி, நீ ஒண்ணுமே சொல்லலியே,” என்றாள் சுலோசனா. “மூணாவது பங்கு உன்கிட்டதானே கெடக்குது. நாலு நாளா.”

“நான் இன்னும் முடிக்கல,” என்றாள் கொளஞ்சி. “அஞ்சாங் கிளாஸ் படிப்பு. எழுத்துக் கூட்டித்தானே படிக்கணும்.”

பொய். அவள் அதை முடித்து நாலு நாளாகிவிட்டது. கதவு சாத்தியது முதல் விளக்கு அணைந்தது வரை ஒரே மூச்சில் படித்தாள், காது சூடாக. பிறகு அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பத் திரும்பப் படித்தது அதற்கு அடுத்த இரண்டு பக்கங்களை. அதில் எதுவுமே நடக்காது. அந்த எஸ்டேட்காரன் எழுந்து போகாமல் படுத்திருக்கிறான். ஜன்னல் ஆடிச் சத்தம் போடுகிறது, நாளைக்கு ஆள் வரச் சொல்ல வேண்டும் என்கிறான். அந்தப் பெண், தான் சின்ன வயதில் வளர்த்த ஓர் ஆட்டைப் பற்றிச் சொல்கிறாள். அந்த ஆடு பிறகு என்ன ஆனது என்று அவன் கேட்கிறான். அவள் சொல்கிறாள். அவ்வளவுதான்.

அந்த இடம் மேரிசெல்விக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தை ரொப்புவதற்காக எழுதியிருக்கிறார்கள் என்றாள். பாஞ்சாலைக்கு அதைப் படித்துக் காட்டியபோது அவள் தூங்கிப்போனாள். சுலோசனா இனிமேல்தான் படிக்கவேண்டும். அவளும் அந்த இரண்டு பக்கங்களைத் தாண்டிக்கொண்டு போய்விடுவாள் என்று கொளஞ்சிக்குத் தெரியும்.

கொளஞ்சிக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். புருஷன் தேசப்பன் உப்பு லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். குடிக்கிறவன் இல்லை, கை ஓங்குகிறவன் இல்லை. அவனைப் பற்றிக் குறை சொல்லச் சொன்னால் அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கும். இருவரும் விடியும் முன்பே எழுந்து போய், உச்சி வெயிலுக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுப்பார்கள். உப்பளத்துக் குடும்பங்களுக்குப் பகல்தான் ஓய்வு. புருஷன் பெண்டாட்டி என்று இருக்கும் நேரமும் அதுதான்.

அவர்கள் வீடு ஒரே அறை. முன்னால் ஒரு கீற்றுச் சார்ப்பு. அந்தச் சார்ப்பின் கீழேதான் அவன் அம்மா நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள். அதனால் தேசப்பனுக்குக் கல்யாணமான புதிதிலேயே ஒரு பழக்கம் வந்துவிட்டது. எல்லாம் முடிந்த அடுத்த நிமிஷம் எழுந்துவிடுவான். குடத்திலிருந்து தண்ணீரை மொண்டு வெளியே கேட்கும்படி சத்தமாகக் குடிப்பான். சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, டீக்கடைக்குப் போய்விடுவான். உள்ளே தூங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்று காட்டுவதற்கான வழி அது. கொளஞ்சி புடவையைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பாள். அந்த நேரத்தில்தான் அவளுக்கு யாராவது பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். உடம்பு களைத்து, மனசு மட்டும் விழித்திருக்கும் நேரம் அது.

மாமியார் இறந்து இரண்டு வருஷமாகிறது. மகளைக் கிளியனூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் பாண்டிச்சேரியில் வெல்டிங் பட்டறையில் சேர்ந்து, பெரிய முதலியார்சாவடியில் சிநேகிதர்களோடு தங்கியிருக்கிறான். சார்ப்பின் கீழே இப்போது இரண்டு கோழிகள்தான். ஆனாலும் தேசப்பன் எழுந்துவிடுகிறான், தண்ணீர் குடிக்கிறான், சட்டையை மாட்டுகிறான். வெளியே யாரும் இல்லை என்பதை அவன் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

போகாதே என்று சொல்ல எத்தனை முறை அவள் வாயெடுத்திருப்பாள்! சட்டைப் பொத்தான் போடும்வரை தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு இருப்பாள், அதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருப்பான். கட்டிக் கொடுத்த மகள் இருக்கிற பெண் கேட்கிற கேள்வியா இது என்று இருக்கும். எங்கே கத்துக்கின என்று அவன் கேட்டுவிட்டால்? சிரித்துவிட்டால்? ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், இந்த ஜென்மத்துக்கு அவளால் மறுபடி கேட்க முடியாது. அந்த இரண்டு பக்கங்களைப் படித்துப் படித்து அவள் தேடியது, எப்படிக் கேட்பது என்பதைத்தான். அதில் அந்தப் பெண் எதையும் கேட்கவே இல்லை. அவனே படுத்திருந்தான்.

“நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடுவேன்,” என்று சுலோசனாவிடம் சொன்னாள்.

“குடுக்கல, நானே வூட்டுக்கு வந்து உன் புருஷன்கிட்ட கேப்பேன்.”

பங்குகளை எங்கே வைப்பது என்பது எல்லாருக்கும் ஒரு தொல்லை. இடுப்பில் செருகினால் வேர்வையில் ஊறிவிடும். கூடையில் வைத்தால் உப்புத் தண்ணீர். கொளஞ்சி கண்டுபிடித்திருந்த இடம் சும்மாடு. தாள்களை இரண்டாக மடித்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, சும்மாட்டுத் துணிக்கு நடுவே வைத்துச் சுருட்டிக்கொண்டால், அது தலைக்கும் கூடைக்கும் நடுவே பத்திரமாக இருக்கும். வேலை முடிந்து பிரிக்கும்போது இஸ்திரி போட்டதுபோல் வரும்.

தேசப்பனுக்கும் அவள்தான் சும்மாடு செய்து கொடுத்திருந்தாள். மற்ற ஆண்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வார்கள். அவனுக்குக் கழுத்து வலி. அதனால் தன் பழைய ஊதாப் புடவையை இரண்டாகக் கிழித்து, ஒன்றை அவனுக்கும் ஒன்றைத் தனக்குமாக வைத்துக்கொண்டாள். இரண்டும் வாசல் கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். சுலோசனாவிடம் கொடுப்பதற்காக அன்று ராத்திரியே பங்கை உள்ளே வைத்துச் சுருட்டி மாட்டியிருந்தாள். மறுநாள் விடியற்காலையில் கரண்ட் இல்லை. இருட்டில் கம்பியைத் தடவி எடுத்துக்கொண்டு அவன் முதலில் கிளம்பினான்.

முதல் கூடையை ஏற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையில் கூடை வேறு மாதிரி உட்கார்ந்தது, மெத்தென்று. நாலு நாளாக உச்சியில் அழுத்திய அந்தத் தட்டையான கனம் இல்லை. அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த மேரிசெல்வி இடித்துக்கொண்டு, “யக்கா, நடு வரப்புல நின்னா எப்பிடி?” என்றாள்.

“மாறிப் போச்சிடி.”

“இன்னா மாறிப் போச்சி?”

கொளஞ்சி சொன்னாள். மேரிசெல்வி வாயைத் திறந்து மூடினாள். பிறகு, சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்தாள். கொளஞ்சியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“ஒண்ணும் ஆவாது யக்கா. அவரு எதுக்கு சும்மாட்டைப் பிரிக்கப் போறாரு?”

பிரிப்பான். கழுத்து வலிக்காரன். நாலு மூட்டைக்கு ஒரு முறை பிரித்து உதறிச் சுற்றுவான். அங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் அது விழும். இவளுடைய புருஷன் இவளுடைய பொருளோடு அங்கே நிற்பான். அதற்குப் பிறகு, போகாதே படுத்திரு என்று இவள் கேட்டால், அது புத்தகத்தைப் படித்துவிட்டுக் கேட்பதாகத்தான் அவனுக்குக் கேட்கும். பத்தொன்பது வருஷமாக அவள் மனசில் இருந்தது, நேற்றுக் கடையில் வாங்கியதாக ஆகிவிடும். அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் எரிந்தது. ஒவ்வொரு நடைக்கும் கால் பாத்தியிலேயே ஒட்டிக்கொண்டது. உப்பு வெள்ளையாகவும் வானம் வெள்ளையாகவும் இருந்தன. எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

கஞ்சி நேரத்துக்கு மேஸ்திரி பக்தவச்சலம் மொபெட்டில் வந்தார். வண்டியை நிறுத்தும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஏம்மா கொளஞ்சி, உன் வூட்டுக்காரனுக்கு வயசு திரும்புதா?”

கொளஞ்சி தூக்குவாளியையே பார்த்தாள்.

“லோடு ஏத்துற எடத்துல சும்மாட்ட ஒதறுறான், உள்ளேர்ந்து புக்கு விழுது. எப்பிடிப்பட்ட புக்குன்ற! யார்துடா இதுன்னு கேட்டா, தலையக் குனிஞ்சிகினு ‘என்துதான்’றான். நாப்பத்தஞ்சி வயசுல!”

“என்துதான்னா சொன்னாரு?” என்றாள் மேரிசெல்வி.

“ஆமாம்மா. பத்து பேரு முன்னாடி.”

“நீங்க படிச்சீங்களா மேஸ்திரி?”

“நானா? தூ! நான் எதுக்கு அதைப் படிக்கிறேன்? உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே கண்டிக்க முடியும்? ஒரு ஆறு பக்கம் பார்த்தேன். கண்றாவி.” அவர் மொபெட்டின் ஹாண்டிலைத் துடைத்தார். “காலையில எழுந்து அந்தப் பொண்ணு பொட்டியக் கட்டுறா. போனாளா, இல்லியான்னு கேட்டா, மீதி புக்கு இல்லன்றான் இவன்.”

“போவல, நாலாவது பங்…” என்று ஆரம்பித்த பாஞ்சாலையின் தொடையை மேரிசெல்வி கிள்ளினாள்.

சுலோசனா வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தம்பி மனைவிக்கு வெட்கம் என்று மேஸ்திரி நினைத்திருப்பார். அவள் முதுகு குலுங்கியது. அவர் வண்டி போன பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொளஞ்சியின் பக்கம் வந்தாள்.

“என் புருஷனா இருந்தா, ‘ஐயோ என் பொண்டாட்டிதுங்க’ன்னு முதல் ஆளாக் காட்டிக் குடுத்திருப்பான்,” என்றாள். “எனக்கு அந்தப் பங்கு வேணாம். நீயே மெதுவாப் படி.”

கொளஞ்சிக்கு, பயந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது வேறு என்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது. அது பயத்தைவிடக் கனமாக இருந்தது.

அவள் வீட்டுக்குப் போனபோது தேசப்பன் குளித்துவிட்டு, துண்டோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பிளாஸ்டிக் கவர் அரிசி டப்பாவின் மேல் இருந்தது. தாள்களின் ஓரங்களில் அழுக்குக் கைரேகைகள். அவள் கால் கழுவி உள்ளே வந்து, எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சும்மாடு மாறிப் போச்சி,” என்றான்.

“ம்.”

“பசங்க புடுங்கிகினானுங்க. ஒருத்தன் சத்தமாப் படிக்கிறான், எல்லாம் சுத்தி நின்னுகினு கேக்குறானுங்க. லாரிக்காரன் எறங்கி வந்துட்டான். வேலை நின்னு போச்சி.”

“இன்னா சொன்னாங்க?”

“ஆளுக்கு ஒண்ணு சொன்னானுங்க. இந்த மாதிரி எழுதி வச்சா பொம்பளைங்க நம்மள எந்தக் கணக்குல சேப்பாளுங்கன்னான் ஒருத்தன். என் பொண்டாட்டி இதைத் தொட்டா கையை ஒடைச்சிடுவேன்னான் இன்னொருத்தன். என் பொண்டாட்டி படிச்சா எனக்குத்தான்டா நல்லதுன்னான் லாரிக்காரன். சண்டையே வந்துடுச்சி.”

“நீ என்துன்னு சொன்னியாமே. மேஸ்திரி சொன்னாரு.”

“பின்ன? கையை ஒடைப்பேன்னு ஒருத்தன் எதுர்ல நின்னுகினு கத்துறான். உன்துன்னா சொல்ல முடியும்?” அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பார்த்து வேறத எடுத்துகினு போயிருப்பேன்.”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை.

“கோவமா?”

“கோவம் இன்னாத்துக்கு?” டப்பாவின் மேலிருந்த கவரைப் பார்க்காமல் கேட்டான். “தலையில வச்சிகினு சுத்துற அளவுக்கு அதுல இன்னா இருக்குது? அந்த எஸ்டேட்காரன் மாதிரி நான் இல்லன்னா?”

விளையாட்டாகக் கேட்பதுபோல்தான் கேட்டான். ஆனால் காலையிலிருந்து மூட்டையோடு மூட்டையாக அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டிருந்தான் என்று அவளுக்குப் புரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவன் அவளிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. அவள் எழுந்து போய்க் கவரைப் பிரித்தாள். அந்த இரண்டு பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடவேண்டியிருக்கவில்லை. எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“இதைத்தான் நான் படிக்கிறது. மத்ததை ஒரு வாட்டி படிச்சேன். இதைத்தான் திருப்பித் திருப்பி.”

அவன் தயங்கி வாங்கினான். எட்டாவது வரை படித்தவன். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உதட்டை அசைக்காமல் படித்தான். முகம் முதலில் இறுகியிருந்தது. எப்போது வரும் எப்போது வரும் என்று எதிர்பார்க்கிறவனின் முகம். ஒரு பக்கம் முடிந்தது. திருப்பினான். புருவம் சுருங்கியது. முடித்துவிட்டு, அடுத்த தாளில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

“இதுல ஒண்ணுமே இல்லியே,” என்றான். “ஜன்னல் சத்தம் போடுதுன்றான். அது ஆட்டுக்குட்டி கதை சொல்லுது. சும்மா பேசிக்கினு படுத்திருக்குதுங்க.”

“ஆமா.”

“இதையா?”

“ஆமாய்யா. இதைத்தான்.”

அவன் அவளைப் பார்த்தான். புரியவில்லை என்பது தெரிந்தது. ஆனால் சிரிக்கவில்லை. தாள்களை முழங்காலில் வைத்து மெதுவாக நீவினான், கசங்கியது யாருடைய தவறோ போல. வெளியே கோழி ஒன்று சார்ப்பின் நிழலைக் கிளறிக்கொண்டிருந்தது. வெயில் வாசல்படிவரை வந்திருந்தது. டீக்கடைக்குப் போகும் நேரம்தான் அது. அவன் கண் ஆணியில் தொங்கிய சட்டையின் பக்கம் ஒரு முறை போய்த் திரும்பியது. எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினான்.

அவளுக்குக் கால் வலித்தது. தலை உச்சி வலித்தது. இனி ஒரு நாளைக்குக்கூட இதை மனசில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று தோன்றியது. தைரியம் வரட்டும் என்று காத்திருந்ததெல்லாம் வீண், களைப்பு வந்தால் போதும்போலிருக்கிறது.

“யோவ்,” என்றாள். அவன் நின்றான். “வெளிய யாரும் இல்லய்யா. உங்கம்மா இல்ல, புள்ளைங்க இல்ல. இனிமே அது முடிஞ்சதும் தண்ணி குடிக்கணும், டீக்கடைக்குப் போவணும்னு எழுந்து போவாத. கொஞ்ச நேரம் எம் பக்கத்துலயே படுத்திரு.”